நீலம், சிவப்பு, பச்சை

அன்று அறையில் இருந்தவர்கள்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கஸ்பார், கப்பல் விளிம்பில் நின்று அவருக்குக் கைச்சைகை காட்டும் வரதன், கப்பலின் அடித்தளத்தில் மூட்டை அடுக்கும் உசேனும் லூர்துவும், டீ கொண்டுவந்த சிலுவையம்மாள். எல்லாருக்கும் எதிரே தொழிலாளர் சங்கத்தின் கறுப்பு வெள்ளை டிவி.

ராயபுரத்துச் சங்க அறையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம் ஓடும்போது கதவைப் பூட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் தெருவே உள்ளே வந்துவிடும்.

லூர்து ரேடியோ மெக்கானிக் படிப்பைப் பாதியில் விட்டவன். அதனால் டிவி அவன் பொறுப்பு. போன வாரம்தான் திரைமேல் ஒரு கலர் தாள் ஒட்டினான். மேலே நீலம், நடுவில் சிவப்பு, கீழே பச்சை.

"இன்னாடா இவ, நீல மண்ட, பச்சக் காலு. சீக்கு வந்தவ மாதிரி கீறா" என்றாள் சிலுவையம்மாள், திரையில் தெரிந்த நாயகியைப் பார்த்து.

"நெஜக் கலர் வரும்க்கா. அப்பால காலண்டர் கணக்கா செவுத்துல மாட்டற டிவி வரும். ஆளு கையில கீற மயிர எண்ணலாம்" என்றான் லூர்து.

"மொதல்ல ஆன்டெனாவ ஒயுங்கா திருப்பு நைனா" என்றார் உசேன்.

கஸ்பார் சிரிக்கவில்லை. "அது எப்பதான் வரும்? இதுல ஒரு எயவும் தெரில. தாள கிழிச்சுப் போடு." தாள் ஒட்டுவதற்கு முன்பும் படம் மங்கல் என்றவர்தான். பீடி பிடிக்கப் பின்பக்கம் போனார்.

லூர்து தாளை உரித்து பெஞ்சுக்கு அடியில் போட்டான். நாயகனின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

கஸ்பார் வந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கினார்.

"டேய், அந்தத் தாள எட்த்துத் தொலையேன்டா."

உசேன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். அன்று ராத்திரியும் அவர்களுக்கு ஷிஃப்ட் இருந்தது.

வரதன் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்று, உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நிறுத்து என்று அர்த்தம்.

"இன்னா சொல்றேன் மாமு?"

"எறக்குன்ற. இருவது வருசமா பாக்கறன், தெரியாதா?"

டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

லூர்துவுக்கு வேலை வாங்கிக்கொடுத்தவர் கஸ்பார். போன வாரம் அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி மூட்டைக்கட்டு இறங்கியபோது, கயிறு பேஜாரு என்று கயிற்றின்மேல் பழி போட்டவரும் அவர்தான்.

"தாள் பெஞ்சுக்கடில கீது மாமு. அப்பவே எட்த்துட்டன்" என்றான் லூர்து.

கஸ்பார் குனிந்து தடவினார். தாள் கையில் அகப்பட்டது. கொஞ்ச நேரம் அதை வைத்திருந்தார்.

"ஆபீஸ்ல சொல்லிடுவியா?"

"நீயே சொல்லு. இல்லன்னா நா சொல்லுவன். இன்னிக்கு நீ மேல ஏறுனா நா கீய எறங்கமாட்டன்."

"ரிட்டேருக்கு நாலு வருசம் கீதுடா."

"தெரியும்."

கஸ்பார் மடியிலிருந்து கிரேன் கூண்டின் சாவியை எடுத்து நீட்டினார். வரதன் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி நீட்டினார். வரதன் நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டான்.

"படம் முடியட்டும்ணே" என்றாள் சிலுவையம்மாள்.

"இன்னாத்த பாக்கறது."

காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு கஸ்பார் தெருவில் இறங்கினார். படம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. லூர்து கதவைச் சாத்திப் பூட்டினான்.