சோளக்கொல்லை பொம்மையின் கவுன்

“அப்படி அல்ல டீச்சர்” என்று பேச்சி எழுந்து நின்று சொன்னபோது வகுப்பில் யாருக்கும் அது சட்டென்று உறைக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தால் வெளியே போக அனுமதி கேட்கத்தான் எழுவாள். அதிலும் பேச்சி, பி.ஏ. கடைசி வருடம் பாதி கழிந்த அந்த 1974 நவம்பர் வரைக்கும், வகுப்பில் வருகைக்கு ‘யெஸ்’ சொன்னதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

சீதாலக்ஷ்மி டீச்சர் மஞ்சளேறிப்போன நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். பத்தொன்பது வருடமாகத் திருவனந்தபுரத்தில் பாடம் நடத்துகிறவர். வீடு கரமனை அக்ரஹாரத்தில். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, அதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் அப்படியே இறக்கிவைத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் நிச்சயம் என்று பேர். அமெரிக்கச் சிறுகதைப் பேப்பர் புதிதாக வந்தபோது அதற்கும் ராவும் பகலும் உட்கார்ந்து நோட்ஸ் தயாரித்திருந்தார்.

அன்றைக்கு நடந்த கதை மிகச் சின்னது. அமெரிக்காவின் தெற்கே ஏதோ ஒரு சிற்றூர். பெரிய வீட்டுத் துணிகளை வெளுக்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி. கிறிஸ்துமஸுக்கு எஜமானி அவளுக்குத் தன்னுடைய பழைய நீலப் பட்டுக் கவுனைக் கொடுக்கிறாள். வெளுப்புக்காரி தலை குனிந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போகிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஜமானியின் வண்டி சர்ச்சுக்குப் போகும் வழியில், சாலையோரச் சோளக்கொல்லையில் நிற்கிற காக்காய் விரட்டும் பொம்மை அந்த நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கதை அங்கே முடிந்துபோகிறது. ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒரு வரி கிடையாது.

‘எளிய மக்களின் வெகுளித்தனம். பட்டின் அருமை அவளுக்குத் தெரியவில்லை’ என்பது டீச்சரின் நோட்ஸ். அதை இங்கிலீஷில் இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பேச்சி எழுந்தாள்.

டீச்சர் தமிழுக்கு மாறினார். “என்னது அல்ல?”

“அவளுக்கு அருமை தெரியும் டீச்சர். ரெண்டாம் பக்கத்திலே இருக்கு. ஆறு வருஷமா அந்தக் கவுனை அவதான் வெளுத்துத் தேச்சிருக்கா. மூணாவது பொத்தான் அந்துபோனப்போ அவதான் தைச்சிருக்கா. அவளுக்கா தெரியாது?”

முன் பெஞ்சில் நாலைந்து பேர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். டீச்சரும் புரட்டினார். அது அங்கே இருந்தது.

“சரி. அப்போ எதுக்குப் போட்டா?”

“கோபத்திலே.”

“எழுதினவரே சொல்லலே. நோக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

வகுப்பு சிரித்தது. பேச்சி உட்கார்ந்துவிட்டாள். எப்படித் தெரிந்தது என்று அவளுக்குத் தெரியும். சொல்ல வேண்டுமானால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் முடியாது. கல்லாறு தாண்டி மலைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வருகிறவள் என்பது மட்டும்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா எஸ்டேட் ஆபீஸில் இருக்கிறார் என்று முதல் வருடம் யாரோ தாங்களாகவே முடிவு செய்தார்கள். அவள் திருத்தவில்லை. அப்பா செத்து ஏழு வருடம். அம்மா வடிவம்மாள் கொழுந்து பறிக்கிறவள்.

பேச்சிக்கு ஒன்பது வயதில் நடந்தது அது. மானேஜருடைய மனைவியைத் துரைசாணி என்பார்கள். அவள் ஒருநாள் காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், எல்லார் முன்னாலும் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டைக் கொடுத்தாள். கழுத்தில் ரோமம் வைத்த கோட்டு. பேச்சி அதற்குள் புகுந்துகொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வரிசை முழுக்க நடந்து காட்டினாள். மறுநாள் விடியும்போது அம்மா அதைக் கவாத்துக் கத்தியால் நீளநீளமாகக் கிழித்து, அட்டை கடிக்காமல் இருக்க இரண்டு காலிலும் சுற்றிக் கட்டிக்கொண்டு பறிப்புக்குப் போய்விட்டாள். பேச்சி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. வருடக்கணக்காக அதை மனசில் வைத்திருந்தாள். நல்லது எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்றே அம்மாவைப் பற்றி நினைத்திருந்தாள். இந்தக் கதையை வாசித்தபோதுதான் அது கோபமாக இருக்கும் என்று பட்டது.

அடுத்த வாரம் வகுப்புத் தேர்வில் அந்தக் கதையே கேள்வியாக வந்தது. பேச்சி ‘கோபம்’ என்று எழுதினாள். பத்துக்கு இரண்டு. பக்கத்தில் சிவப்பு மையில் ‘நோட்ஸைப் பார்.’

டீச்சர் அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை.

“ஃபர்ஸ்ட் கிளாஸ் வர்ற குட்டி நீ. யூனிவர்சிட்டியிலே பேப்பர் திருத்தறவாளும் இதைத்தான் எதிர்பார்ப்பா. ஒரு கேள்விக்காக எல்லாத்தையும் கெடுத்துக்காதே. வியாழக்கிழமை கிளாஸிலே நீயே எழுந்து நோட்ஸை வாசி, கேட்டியோ? உன்னாலே இப்போ மத்த குட்டிகளும் குழம்பிக் கெடக்கா.”

ஹாஸ்டலில் அறைத்தோழி ரத்னாபாய் கட்டிலில் படுத்தபடி அதையே சொன்னாள். அவள் பாறசாலைப் பக்கத்துக்காரி. “வாசிச்சிட்டுப் போயேன்டீ. வாய் வலிக்குமா? அவ கவுனைப் பொம்மைக்குப் போட்டா என்ன, போடாட்டா நமக்கெந்தா? நீ மிண்டாம, வாயைப் பொத்திக்கிட்டு மார்க்கை வாங்கு.”

சனிக்கிழமை பேச்சி ஊருக்குப் போனாள். நெடுமங்காடு, விதுரை, அதற்குமேல் வளைவுகள். அம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து, அட்டை கடித்த இடங்களில் புகையிலைச் சாறு தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி கதையைத் தமிழில் சொன்னாள். அம்மா தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

“அந்தப் பொம்பள பொம்மையை ரோட்டுப் பக்கமாத்தான் நட்டு வச்சாளா?”

“ஆமா. வண்டி போற வழியிலே.”

“அப்ப சரி” என்றாள் அம்மா. சிரித்தாள். “கெட்டிக்காரிதான்.”

“நீ ஏம்மா அன்னைக்கிக் கோட்டைக் கிழிச்ச?”

அம்மா சாறு பட்ட கையைப் புடவையில் துடைத்தாள். “நாங்க கேட்டது பூட்சுடி. மழைக்காலம் முழுக்க கால்ல ரத்தம் நிக்கல. அம்பது பொம்பளையளும் பங்களா வாசல்ல போயி நின்னோம். எல்லாத்துக்கும் பூட்சு வேணும்னு நாந்தான் முன்னால நின்னு பேசுனேன். மறுவாரம் எனக்கு மட்டும் ஒரு கோட்டு வருது. அதைப் போட்டுக்கிட்டு நான் அவளுவ மத்தியில போயி நின்னா என்ன அர்த்தம்? கேட்டது காலுக்கு. அதான் காலுலயே கட்டுனேன்.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“நீ கோட்டுக்கு அழுதுக்கிட்டு கெடந்த. ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல?”

மலையிறங்கும் பஸ்ஸில் பேச்சிக்கு உட்கார இடம் கிடைத்தது. ஆனாலும் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் அழுகை வரும்போல இருந்தது. அழுவதற்கு அது நேரமில்லை என்றும் பட்டது.

வியாழக்கிழமை டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பேச்சி நோட்டோடு முன்னால் போய் நின்றாள். ‘எளிய மக்களின் வெகுளித்தனம்’ என்ற முதல் வரியை வாசித்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

“என் அம்மா எஸ்டேட்டிலே கொழுந்து பறிக்கிறா” என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். எல்லாருக்கும் சரியாக விளங்கட்டும் என்று பாதியில் மலையாளத்துக்கு மாறினாள். ரத்னாபாய் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டரை வருடம் ஒரே அறையில் இருந்தவளுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது. பேச்சி அட்டையைச் சொன்னாள், பூட்ஸைச் சொன்னாள், கோட்டைச் சொன்னாள். முழங்காலுக்குக் கீழே சிவப்புக் கம்பளி சுற்றிய அம்மா பங்களாவுக்கு நேர் கீழே இருந்த வரிசையில் ஒரு நாள் முழுக்க நின்று பறித்ததைச் சொன்னாள்.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி தன்னை மறந்து கேட்டாள். “துரைசாணி கண்டோ?”

“கண்டு. வராந்தாவிலே நின்னு கண்டு.”

சீதாலக்ஷ்மி டீச்சர் எழுந்தார். “அது உன் அம்மா கதை. சிலபஸ்ஸிலே இருக்கறது வேறே கதை.”

“என் அம்மாவைப் பத்தி எழுதினாலும் வெகுளின்னுதானே நோட்ஸ் எழுதுவீங்க, டீச்சர்?”

டீச்சரின் முகம் சிவந்தது. “வெளியே போ.”

பேச்சி போனாள். அதன்பிறகு வாரக்கணக்கில் அந்த வகுப்புக்கு அவள் வராந்தாவில்தான் நின்றாள். ஜன்னல் கம்பியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு பாடம் கேட்டாள். மன்னிப்புக் கேட்டால் உள்ளே வரலாம் என்று டீச்சர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவள் கேட்கவில்லை. டிசம்பர் கடைசியில் டீச்சர் தாமாகவே, “உள்ளே வந்து உட்காரு, வெயில் அடிக்கறது” என்றார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் யூனிவர்சிட்டிப் பரீட்சை. முப்பது மார்க்குக்குக் கேள்வி வந்தது, ‘வெளுப்புக்காரியின் வெகுளித்தனத்தை விளக்குக’ என்று. பேச்சி ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைத்தாள். நோட்ஸ் அவளுக்கு எழுத்துக்கு எழுத்து பாடமாக இருந்தது. எழுதினால் இருபது நிமிஷ வேலை. பிறகு பேனாவை எடுத்து, ‘இந்தக் கேள்வி தவறு’ என்று ஆரம்பித்து ஆறு பக்கம் எழுதினாள்.

அந்தப் பேப்பரில் முப்பத்தொன்பது வந்தது. தோற்கவில்லை, அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றிலும் அறுபதுக்கு மேல். ஃபர்ஸ்ட் கிளாஸ் கையைவிட்டுப் போயிற்று. சீதாலக்ஷ்மி டீச்சர் மார்க் லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

“சொன்னேனே, கேட்டியோ? செப்டம்பர்லே திரும்ப எழுது. இந்தத் தடவையாவது நோட்ஸை எழுது.”

“எழுதறேன் டீச்சர். ஆனா அந்தக் கதை வந்தா இதையேதான் எழுதுவேன்.”

அந்தக் கதை வந்தது. அதையே எழுதினாள். நாற்பத்திரண்டு.

அடுத்த வருடம் பி.எட். இடத்துக்கு நேர்முகம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று ஆண்கள். நடுவில் இருந்தவர் மார்க் லிஸ்ட்டில் விரலை ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். “மற்றதெல்லாம் அறுபது. இது மட்டும் என்ன? அன்னைக்கு சுகமில்லையோ?” என்று மலையாளத்தில் கேட்டார். நல்ல மனுஷர். பதிலையும் தானே எடுத்துக் கையில் கொடுத்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

“சுகமாத்தான் இருந்தேன் சார். ரெண்டு தடவையும் சுகமாத்தான் இருந்தேன். அந்தக் கதையை நான் வாசிச்ச மாதிரி திருத்தினவங்க வாசிக்கல்லை.”

ஓரத்தில் இருந்தவர் களுக்கென்று சிரித்தார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“திமிரா?”

“இல்லை சார். வேணும்னா புத்தகம் கையிலே இருக்கு. ரெண்டாம் பக்கம்.”

அவர் கையை நீட்டினார். பேச்சி பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து, பொத்தான் வருகிற வரியில் விரலை வைத்துக் கொடுத்தாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவை எட்டிப்பார்க்கும் அளவுக்கு நேரம் போயிற்று. இடம் கிடைத்தவர்களின் முதல் லிஸ்ட்டில் அவள் பேர் இல்லை. இரண்டாவது லிஸ்ட்டில், கடைசிக்கு முந்தின பேராக இருந்தது.