ஒரு மைல் தூரத்தில் மரக்கோயில்

என் கணவர் ஹால்வர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஜூலை மதியம்தான் முதலில் வந்து நிற்கிறது.

நான் தோட்டத்தில் கறுப்புத் திராட்சை பறித்துக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்திலிருந்து வந்த மோராக் என்ற அம்மாள் வாசலில் வழி கேட்டுப் போனதாக அவர் வந்து சொன்னார். அறுபது வயதிருக்குமாம். அந்த அம்மாளுடைய தாய்க்கு எங்கள் ஊர் மரக்கோயிலில்தான் ஞானஸ்நானம் நடந்ததாம். மறுநாள் விடிந்ததும் கப்பல். கோயிலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"ஒரு மைல்தான், நடந்தே போயிடலாம்னேன்."

"இங்கிலீஷ்லயா?"

"ஆமா. நல்லாத்தான் பேசினேன்."

"அட மனுஷா, நம்ம நாட்டு மைல் பத்து கிலோமீட்டர். அவங்க நாட்டு மைல் ஒண்ணரைதான்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கார் பட்டறையில் இருந்தது. டிராக்டரின் பின்னால் வைக்கோல் வண்டி மாட்டியபடியே கிளம்பினோம்.

நான்காவது கிலோமீட்டரில், சாலையோரக் கல்லில் ஷூவைக் கழற்றிப் போட்டு மோராக் உட்கார்ந்திருந்தார். கோயிலைத் தாண்டி வந்துவிட்டதாக நினைத்து இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தாராம். ஹால்வர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். மோராக் வைக்கோல்மேல் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேட்டில் டிராக்டர் திணறியபோது, இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டார்.

போய்ச் சேர்ந்தபோது ஐந்தேகால். சாவிக்காரி சிங்னே பூட்டிவிட்டு சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்தன்றும் அவள்தான் கதவைத் திறந்தவள்.

"கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன்தானே நீ," என்றாள் ஹால்வரிடம். விஷயத்தைச் சொன்னேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாவியை எடுத்தாள்.

மோராக்கைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு, தார் பூசிய மரம் வெயிலில் மணந்த சுவரோரம் மூவரும் நின்றோம். சிங்னே கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மோராக்கின் குரல் கேட்டது. ஆங்கிலமில்லை. எங்கள் பள்ளத்தாக்கின் பேச்சு, என் பாட்டி காலத்து உச்சரிப்பில்.

"அம்மா, நான் வந்துட்டேன்."

ஹால்வர் வேலிப்பக்கம் போய், அவசரத்தில் அணைக்காமல் விட்டிருந்த டிராக்டரின் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார்.