தாய்மாமன் மடி

என் மடியைப் பற்றி என்னைக் கேட்காமலேயே முடிவெடுத்துவிட்டார்கள். அக்கா மகள் தமிழினிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் சித்தப்பா மகன் கோபி மடியில் வைத்துக் குத்தப் போகிறார்களாம்.

ஆம்பூரில் தோல் லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்தேன். முதுகுத்தண்டு போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, வீல்சேரில்தான் எல்லாம். குளிப்பது, துணி மாற்றுவது, டியூப் போட்டு மூத்திரம் எடுப்பது எல்லாம் நானே செய்துகொள்கிறேன். பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் என் முன்னாலேயே அம்மாவிடம், "சாப்ட்டானா?" என்று கேட்கிறார்கள். எனக்கு வாய் இல்லையா என்ன?

அக்கா புருஷன் மாமாவுக்கு போன் போட்டேன்.

"கோபியா? இன்னா மாமா இது?"

நல்ல மனுஷன்தான். மென்று விழுங்கினார். "கொழந்த திமிரும்டா. நழுவிட்டா?"

"கை ரெண்டும் நல்லாத்தான கீது? நெஜத்த சொல்லுங்க."

"எங்க வீட்டுப் பெருசுங்க பேசுதுங்க பூவரசா. சபைல உனுக்கு துணி நனைஞ்சிட்டா..."

அதுதான் விஷயம். எப்போதாவது அப்படி ஆகும். ஆன பிறகுதான் எனக்கே தெரியும். அதற்குப் பயந்தே ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை. உடம்பு கூசியது. அப்புறம் கோபம் வந்தது.

"மடிதான வேணும்? உங்களுக்கெல்லாம் எழுந்தா மடி போய்டும். எனுக்கு எப்பவும் இருக்கு. நான்தான் வர்றேன். கோபிய பந்தி பாக்கச் சொல்லுங்க."

குடியாத்தத்தில் மண்டபம். புது வேட்டியோடு வண்டியைச் சபை நடுவில் நிறுத்தினேன்.

"மணைப் பலகைல இல்ல உக்காரணும்?" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

"சக்கரத்துக்கு அடில போடுங்க," என்றேன். கோபி சிரித்துவிட்டான்.

அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள். அவள் கனம் தொடைக்குத் தெரியவில்லை. தலை நெஞ்சில் மோதியபோது தெரிந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பத்தர் முதல் காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லார் கண்ணும் என் வேட்டி மேல். குனிந்து பார்த்தேன். முன்பக்கம் முழுக்க ஈரம், கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

குழந்தையா, நானா? சத்தியமாக எனக்குத் தெரியாது.

"கொழந்ததான், கொழந்ததான்!" என்று அக்கா துண்டோடு ஓடிவந்தாள். பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கோபி கை நீட்டினான். கொடுத்துவிட்டு எங்காவது ஓடி ஒளியலாம் என்றிருந்தது.

துண்டைத் தள்ளிவிட்டேன்.

"யார் போயிருந்தா இன்னா? என் வேட்டிதான?"

பிள்ளையின் தலையை மறுபக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"பத்தரே, இன்னொரு காது கீது. குத்துங்க."