இடப்பக்கம் தாழ்ந்த வண்டி

தாமரைச்செல்வி இறந்து காரியம் முடிந்த மறுநாள், அவள் கணவர் வெள்ளைத்துரையின் பிக்கப் வண்டி, ஒரு கூடைகூட ஏற்றாத நிலையில், முன்பக்கம் இடதில் நாலு விரற்கடை தாழ்ந்து நின்றது. அந்த இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்துதான் அவள் வருடக்கணக்காகத் தக்காளியோடு பரவை மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள். கண்பட்டுவிட்டது என்று உறவினர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள், வண்டி நிமிரவில்லை. வெள்ளைத்துரைக்கு விஷயம் விளங்கிவிட்டது. வழியெல்லாம் தக்காளி விலையைப் பற்றி இடப்பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினார்.

இடது டயர் ஓரமாகத் தேய்ந்ததால் ஆனையூரில் பட்டறை வைத்திருக்கும் பாண்டிராஜிடம் வண்டியை விட்டார். சாய்ந்த பக்கத்து ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு இரும்புப் பட்டையைச் செருகுவது இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வண்டிக்காரரைக் கேட்டுச் செய்கிற வேலை இல்லை. பாண்டிராஜும் கேட்கவில்லை. சாயங்காலம் வண்டி நேராக நின்றது. திரும்பும் வழியில் வெள்ளைத்துரை பேசிய பேச்சு இடப்பக்கக் கண்ணாடியில் மோதி அவரிடமே திரும்பி வந்தது.

மறுநாள் விடிந்ததும் பட்டறை வாசலில் நின்றார். “எவன்டா ஒன்னய நிமித்தச் சொன்னது?”

“சாஞ்சு நின்னா நிமித்தாம, தாலாட்டவாண்ணே செய்வாக?” என்ற பாண்டிராஜ், அவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்தான்.

பட்டையைக் கழற்றிய பிறகும் வண்டி தாழவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. தினமும் காலையில் வெள்ளைத்துரை இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்துச் சற்று நேரம் காத்திருந்துவிட்டுத் தனியாகப் புறப்பட்டார். கடைசியில் பாண்டிராஜ்தான் யோசனை சொன்னான். “மதினிக்கு மூட்டுவலி இருந்துச்சுல்ல? ஏற முடியாம நிக்கிறாக போல. முன்பக்கத்தையே மொத்தமா எறக்கிருவோம்ணே.”

அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. சில பட்டைகளைக் கழற்றிவிட்டால் ஒரே நாளில் முடியும். ஆனால் பள்ளத்தில் தூக்கிப்போடும். பட்டைகளைக் காய்ச்சி வளைவைத் தட்டிக் குறைத்தால் நாளாகும், குலுக்கல் குறையும்.

“எப்படிப் பண்ணாலும் வேகத்தடையில அடி தட்டும். பாதி லோடுதான் ஏத்தலாம்” என்றான் பாண்டிராஜ்.

“தட்டுனா தட்டட்டும். அவளுக்கு இடுப்பு நோகக் கூடாது. வளைவையே கொற.”

வண்டியின் படி முழங்காலுக்குக் கீழே வந்தது. ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, அவர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தபோது, வண்டி இடப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. சேலை சிக்காமல் பார்த்துச் சாத்துகிறவரைப் போல அவர் கதவைச் சாத்தினார்.

பரவை எடைமேடையில் இருக்கும் நல்லகாமன் இப்போதெல்லாம் வண்டி எடையோடு அவள் எடையையும் சேர்த்துத்தான் கழிக்கிறார். வியாபாரிகள் யாரும் அதற்குத் தகராறு செய்வதில்லை. போன தீபாவளி கழிந்த வாரம், லோடு இறக்கிய காலி வண்டியின் எடையைப் பார்த்தவர், “மதினி அஞ்சு கிலோ கூடியிருக்காகண்ணே” என்றார். ஐம்பதைத் தாண்டினால் உடம்பு போடுவது இயல்புதான். வெள்ளைத்துரை இறங்கிச் சுற்றிப் போய், இடப்பக்க இருக்கையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார்.