கிருபாபாய் எழுதிக் கொடுத்த கடிதம்

சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் கிருபாபாய் இருபத்தாறு வருடம் நர்சாக இருந்தாள். டாக்டர்கள் ஒவ்வொருவராக பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, வார்டை மூடினார்கள். அவள் ரேணிகுண்டாவுக்கு வந்து, ஏர்பேடு பக்கத்து ஊர்களில் வீடுகளுக்கே போய்ப் பிரசவம் பார்க்கத் தொடங்கினாள்.

தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் புதிதாக வந்துகொண்டிருந்த காலம். சர்ச்சில் கூடப் பாடும் ஸ்டீவன் ஒரு கம்பெனிக்கு ஏஜென்ட் ஆனான்.

"டாக்டருங்க எல்லாம் எடுத்துக்கினு கீறாங்கக்கா. நாளைக்கி உம்மேல கேஸ்னு வந்தா கம்பெனி பாத்துக்கும்."

ஆங்கிலப் படிவத்தை அவனே நிரப்பினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மறுவருடம் அந்த ஊர்களில் ஒன்றில் பொன்னியம்மா என்பவளின் மருமகள் சிவசங்கரிக்கு வலி கண்டது. மகன் பவன்குமார் குவைத்தில் இருந்தான். குழந்தை பெரிசு, திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று கிருபாபாய் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. தலை வந்தது, தோள் மாட்டிக்கொண்டது. சிவசங்கரியை மண்டிபோட வைத்து, கையை உள்ளே விட்டுக் குழந்தையை எடுத்தாள். நீலம் பாரித்திருந்த குழந்தை அழுதது. வலது கை மட்டும் அசையவில்லை.

அவளே ஜீப் பிடித்துத் தாயையும் பிள்ளையையும் திருப்பதிக்குக் கொண்டுபோனாள். "நரம்பு இழுபட்டிருக்கிறது. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் குழந்தையே இல்லை" என்றார் அங்கிருந்த டாக்டர். சீட்டிலும் அதையே எழுதிக் கொடுத்தார்.

நாலாம் மாதம் பொன்னியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட ஸ்டீவன்.

"உம்மேல கோவமே இல்ல நர்சம்மா. நீ இல்லாங்காட்டி இந்தப் புள்ள ஏது? கைக்கு ஆபரேஷன் பண்ணணும்ன்றாங்க. கம்பெனிக்காரன்தான குடுக்கப்போறான்."

"தப்பு உன்னுதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா ஈஸியா வந்துடும்க்கா" என்றான் ஸ்டீவன்.

"செய்யாத தப்ப எப்டிடா எழுதறது?"

"சும்மா காயிதத்துக்குத்தான்."

குழந்தை இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. வலது கை துவண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், குழந்தையைக் கவனக்குறைவாக இழுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியின் திருப்பதி கிளையில் கூப்பிட்டார்கள். அதிகாரி நாகபூஷணம் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். வேலை செய்யும் இடம், நர்சிங் ஹோம் என்றிருந்தது.

"இன்ட்லோ டெலிவரிக்கு கவர் லேதம்மா. வீட்டுப் பிரசவத்துக்கு நாங்க பொறுப்பில்ல. அதோட, எங்களக் கேக்காம தப்ப ஒத்துக்கினு எழுதிட்டீங்க. அது ஒண்ணே போதும், கிளெய்ம் நிக்காது."

வெளியே ஸ்டீவன் தலையைச் சொறிந்தான். "வீடுன்னு போட ஃபாரத்துல எடமே இல்லக்கா. நான் இன்னா பண்றது?" அடுத்த மாதம் வேறு வேலை கிடைத்து சென்னைக்குப் போய்விட்டான்.

கடிதத்தின் நகல் பொன்னியம்மாவிடம் இருந்தது. குவைத்திலிருந்து பவன்குமார் போனில் கத்தினான்: "அவளே எழுதிக் குடுத்துக்கீறா, அப்புறம் இன்னா? உடாத!" நகல், புகாரோடு சேர்ந்து, நர்சுகளைப் பதிவு செய்யும் கவுன்சிலுக்குப் போனது.

விசாரணை சித்தூரில் நடந்தது. திருப்பதி டாக்டரின் சீட்டை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"இது உங்கள் கையெழுத்துதானா?"

"என்னுதுதான். ஆனா அத ஏன் எழுதினேன்னா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

பதிவை ரத்து செய்தார்கள். வராந்தாவில் நின்ற பொன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவசங்கரிதான் குழந்தையோடு கிட்டே வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"விரல அசைக்கிறான் நர்சம்மா. ஒருதபா தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார்த்திருந்தால் அந்த விரலில் எவ்வளவு பிடிப்பு வந்திருக்கிறது என்று கிருபாபாயால் சொல்லியிருக்க முடியும். அவள் கையை நீட்டவில்லை.

"நான் நர்சு இல்லம்மா. இப்பதான் உள்ள சொன்னாங்க. நல்ல டாக்டராப் பாத்துக் காட்டு" என்று சொல்லிவிட்டு, ரேணிகுண்டா பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.