கேரி அலறல்

இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே எனக்கு ஒரு வலி இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி தூக்கி வந்தது. முப்பத்தேழு வருஷம் ஊர் ஊராகத் தூக்கினேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் டெட்ராய்ட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இரும்பு தூக்கினேன். இப்போதெல்லாம் அரை மணி நேரம் நின்றால் இடது கால் மரத்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்து இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

கோப்பையில் இருந்த விஸ்கிக்கு ‘அலறல்’ என்று பெயர். புட்டியின் மேல் திறந்த வாய் ஒன்றின் படம், கடைவாய்ப் பல் வரைக்கும். சட்டையில், சாவி வளையத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் என்று எங்கே பார்த்தாலும் அதே வாய். அது ஹோசியா டில்லரியின் வாய். அது கடைசியாகப் பாடிப் பதினாலு வருஷம் ஆகிறது.

விழாவே அவனுக்குத்தான். அவன் மேடையில் பாடியதையெல்லாம் தேடிப் பிடித்து, பதினோரு இசைத்தட்டுகளாக்கி, ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஸ்டுடியோவில் அவன் பாடியதை அவன் சொந்தக்காரர்களே வாங்கவில்லை. மேடை ஏறினால்தான் ஹோசியா. தொண்டையில் ஜல்லியைக் கொட்டிக் கிளறுவது போல ஒரு குரல். பட்டறையில் நானும் அவனும் ஒரே உலைக்கு முன்னால் நின்றவர்கள். அவன் அலபாமாக் கறுப்பன், போதகர் மகன். நான் கென்டக்கி மலையிலிருந்து வந்த வெள்ளைக்காரன். அவன் பாடப் போனபோது பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றான். நான் போனேன்.

மண்டபத்தின் ஒரு மூலையில் பலகை அடித்து ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். உள்ளே போய் ஹோசியா மாதிரி அலற வேண்டும். எவ்வளவு சத்தம் என்று ஒரு முள் காட்டும். ஜெயிக்கிறவனுக்குப் பெட்டி இலவசம். ஐம்பது வயசுக்காரன் ஒருத்தன், மடிப்புக் கலையாத புதுத் தோல் கோட்டோடு உள்ளே போய்க் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டவன் போடும் சத்தம் அது. வெளியே வந்ததும் அவன் பெண்டாட்டி கை தட்டினாள். அவனுக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

விழாவை நடத்துகிறவன் பெயர் ப்ரெஸ்டன். இசைத்தட்டுக் கம்பெனிக்காரன். முப்பத்தைந்து வயசு இருக்கும், ஷூவுக்குள் சாக்ஸ் கிடையாது.

“மிஸ்டர் க்ரைஸ், கேரி ஊர்ல அன்னைக்கு மேடை ஓரமா நின்னவங்கள்ல உசிரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான்,” என்றான்.

“ஹோசியாவும் உசிரோடதான் இருக்கான்.”

“அவரால பேச முடியாதுல்ல. நீங்க மூணு நிமிஷம் பேசினா போதும். அந்த ராத்திரி என்ன பாத்தீங்களோ அதைச் சொல்லுங்க. அழுகை வந்தா அடக்காதீங்க, அழுதுடுங்க. கேமரா ரெண்டு பக்கமும் இருக்கு.”

ஹோசியாவால் பேச முடியும். ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். சவரக் கருவி மாதிரி ஒன்றைத் தொண்டையில் அழுத்திப் பேசுவான். ஒரே இரைச்சலாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். அதைக் கேட்க இங்கே வந்தவர்களுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவன் தம்பி மகள் லவோனா அவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். கழுத்து ஓட்டைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி. உடம்பு பாதியாகிவிட்டது. அந்தப் பெரிய வாய் மட்டும் அப்படியே இருந்தது.

“முதுகு எப்படிடா இருக்கு, மலைக்காட்டான்?” என்றது கருவி.

“உன் மூஞ்சிக்கு எவ்வளவோ மேல்.”

“ஒருத்தன் ஒருத்தனா வந்து என் காதுல கத்திட்டுப் போறான்டா. ஒரு கிறுக்கி என் தொண்டைத் துணியைத் தொட்டுக் கும்பிடுறா.”

“பெரியப்பா, மெதுவா. மூச்சு வாங்குது பாருங்க,” என்றாள் லவோனா.

அவன் கையை ஆட்டி அவளை அடக்கிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “நீ பேசப் போறியாமே. நல்லாச் சொல்லு. என் மேல எது இறங்குச்சுன்னு நீதான பாத்த. எங்கப்பன் கேட்டப்பவும் நீதான சொன்ன.”

தலையை ஆட்டினேன்.

என்ன இறங்கியது என்று எனக்குத் தெரியும்.

1972 பிப்ரவரி. இண்டியானாவில் கேரி என்ற ஊர், உருக்காலைக்காரர்களின் சங்கக் கட்டடம். ஆயிரம் பேர், எல்லாம் ஷிப்டு முடிந்து வந்த கூட்டம். வேர்வை ஆவியாகிக் கூரையில் பட்டுச் சொட்டியது. வெளியே தெருவில் ஒலிப்பதிவு வண்டி. அதற்குள் இருந்தவன் அரை மணிக்கு ஒரு தரம் ஆளை அனுப்பினான்: கிதாரின் ஆம்ப்ளிஃபயர் இரைகிறது, அந்த இரைச்சல் டேப்பில் விழுகிறது, நிறுத்து. நான் வயரை மாற்றிப் பார்த்தேன், பெட்டியைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. கடைசியில் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். கட்டிங் பிளேயரை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் பிளக்கில் கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் எர்த் பின்னை வெட்டிப் போட்டேன். இரைச்சல் நின்றது. வண்டிக்காரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

எர்த் இல்லாத பழைய ஆம்ப்ளிஃபயர், அதில் மாட்டிய கிதார். எர்த் உள்ள மைக். நடுவில் குளித்தவன் போல நனைந்த ஒரு மனுஷன். கடைசிப் பாட்டில் அவன் கிதார்க் கம்பியை அழுத்திப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்தான்.

அலறினான். நான்கு விநாடி. பட்டறையில் ஒருத்தன் காலில் உருக்கிய இரும்பு கொட்டியபோது அந்த மாதிரிச் சத்தம் கேட்டிருக்கிறேன். கை கம்பியை விடவில்லை. நான் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் பின்னால் சாய்ந்து டிரம்மின் மேல் விழுந்தான். டிரம்காரன் ஒன்றும் புரியாமல் அடித்துக்கொண்டே இருந்தான். ஆயிரம் பேரும் எழுந்து நின்று ஊளையிட்டார்கள். ஹோசியா எழுந்தான். உதடு கருகியிருந்தது. கிழிந்த குரலில் கடைசி அடியைப் பாடி முடித்தான். அந்த இசைத்தட்டு ஏழு லட்சம் விற்றது.

மேடைக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டான். “டெல், எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணுமே ஞாபகம் இல்ல.”

வெட்டிய எர்த் பின் என் பைக்குள் இருந்தது. எனக்கு இருபத்தாறு வயசு. பட்டறைக்குத் திரும்பிப் போக எனக்கு இஷ்டம் இல்லை.

“உன் மேல ஏதோ இறங்குச்சு, ஹோசியா. நான் கண்ணால பாத்தேன்,” என்றேன். “உதடு மைக்ல இடிச்சுக்கிச்சு.”

அவன் அப்பா பெரிய போதகர். சாராயக்கடையில் பாடுகிற மகனை எட்டு வருஷமாக வீட்டுப் படி ஏற விடாதவர். தட்டைக் கேட்டுவிட்டு ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன். சமையலறையில் பொரித்த மீன் வைத்தார்கள். கிழவர் என்னைப் பார்த்து, “தம்பி, நீ கூட இருந்தியாமே. என் மகன் மேல இருந்தது எது?” என்றார். வாயில் மீனை வைத்துக்கொண்டு, “பரிசுத்த ஆவிங்கய்யா,” என்றேன். கிழவர் அழுதார். அன்றிலிருந்து மகனுக்கு அந்த வீட்டில் தட்டு வைத்தார்கள்.

அதற்கப்புறம் முப்பத்தேழு வருஷம். எந்த ஊரிலும் அந்த அலறல் இல்லாமல் கூட்டம் கலையாது. ஒவ்வொரு ராத்திரியும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அதை வரவழைப்பான். மேடை ஓரத்தில் ஒரு வாளி இருக்கும். அதில் ரத்தம் துப்புவான். வாளியைக் கழுவுவது என் வேலை. கிளீவ்லாந்தில் ஒரு டாக்டர் நிறுத்தச் சொன்னார். அவன் நிறுத்தவில்லை. காசுக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு தடவை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொன்னான்: “நான் என்ன பாவம் பண்ணேன்னு தெரியல டெல். ஒவ்வொரு நாளும் கூப்பிடுறேன். அது மறுபடி வரவே மாட்டேங்குது.”

நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். மனுஷன் செய்கிற வேலையா அது?

விழாவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் அந்த ஆம்ப்ளிஃபயர். கஷ்ட காலத்தில் ஹோசியா விற்றதை எவனிடமிருந்தோ வாங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் அந்த மைக். வயரை அழகாகச் சுருட்டி, பிளக்கை மேலே பார்த்தபடி வைத்திருந்தார்கள். மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. நான் அந்தப் பக்கம் போகாமல் சுவரோரமாகவே நின்றேன்.

யூனியன் தொப்பி போட்ட ஒரு பெரிய கிழவர் முழங்காலில் கையை ஊன்றி அதைக் குனிந்து பார்த்தார். ரிட்டயர் ஆன எலக்ட்ரீஷியன் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது.

“இதுல எர்த் பின் இல்லையே. எந்தத் தறுதலை வெட்டினான்?”

“எங்க போனாலும் பிளக்கையும் சுவிட்சையும் மோந்து பாக்காதீங்க. இறால் தீரப் போகுது, வாங்க,” என்றாள் அவர் மனைவி.

“இருடி.” அவர் மைக்கைப் பார்த்தார். மறுபடி பிளக்கைப் பார்த்தார். “அந்த அலறல் இருக்குல்ல...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவர் மண்டைக்குள் கணக்கு ஓடுவது எனக்கு முதுகில் தெரிந்தது.

அதற்குள் ப்ரெஸ்டன் என்னை மேடைக்கு இழுத்துப் போனான். முதலில் டேப்பைப் போட்டார்கள். அந்த நான்கு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து மூன்று தடவை. அறுநூறு பேர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு அதைச் சுவைத்தார்கள். ஒருத்தன் உதட்டை நக்கினான். ஹோசியா முதல் வரிசையில் என்னைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

பழைய பொய்யைத்தான் சொல்லப் போனேன். காகிதத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் எலக்ட்ரீஷியன் கிழவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் கால் மணி நேரத்தில் அந்த ஆள் எழுந்து சொல்லிவிடுவார் என்று தோன்றியது. எனக்குத் தைரியம் வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

“அது ஷாக்,” என்றேன். “ஆம்ப்ளிஃபயர் பிளக்ல எர்த் பின்னை நான்தான் வெட்டினேன். இவனுக்குக் கரண்ட் அடிச்சுது. நீங்க இப்பக் கேட்டது ஒரு ஆள் சாகப் போற சத்தம். எதுவும் இறங்கல. அப்படி இறங்குச்சுன்னு இவன்கிட்டப் பொய் சொன்னதும் நான்தான்.”

பின்னாலிருந்து எவனோ விசிலடித்தான். அப்புறம் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். ஒருத்தி, “கடவுளே, இது இன்னும் அருமையா இருக்கே,” என்றாள். எலக்ட்ரீஷியன் கிழவர் மட்டும் தட்டாமல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ப்ரெஸ்டன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். “கேட்டீங்களா? நூத்திப்பத்து வோல்ட் ஆன்மா.” அப்புறம் மைக்கை மூடிக்கொண்டு என் காதில், “ஏன் சார் முன்னாடியே சொல்லல? பெட்டி அட்டையிலயே போட்டிருக்கலாமே,” என்றான். கூண்டுக்கு இதற்குள் வரிசை இரண்டு மடங்காகிவிட்டது. முதல் ஆள் உடம்பை உதறி உதறி, ஷாக் அடித்தவன் போலவே அலறினான். சிரித்தார்கள்.

முதல் வரிசையில் ஹோசியாவின் நாற்காலி இல்லை.

படியிறங்க எனக்கு நேரம் ஆயிற்று. வெளியே வெயில். லவோனா வண்டிக் கதவைத் திறந்து பலகையை இறக்கிக்கொண்டிருந்தாள். ஹோசியா இரண்டு விரலால் கீழுதட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அந்தத் தழும்பை நான் ஐம்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறேன்.

“பெரியப்பா வீட்டுக்குப் போணும்கறாரு,” என்றாள் லவோனா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் கருவியைத் தொண்டையில் வைத்தான். அன்றைக்கு ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த அதே இரைச்சல்.

“எங்கப்பன் அதுக்காகத்தான்டா கதவைத் திறந்தான்,” என்றான். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வைத்தான். “அறுநூறு பேருகிட்டச் சொன்ன. என்கிட்டச் சொல்லல.”

நான் வாயைத் திறந்தேன். அந்தச் சொல் நாக்கு வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. பின்னாலிருந்து ப்ரெஸ்டன் ஓடி வந்து, “சார், சார், அந்தக் கட்டிங் பிளேயர் இன்னும் உங்ககிட்ட இருக்கா?” என்று என் தோளில் கை போட்டான். அவன் கையைத் தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் லவோனா கதவைச் சாத்திவிட்டாள். வண்டி கிளம்பியது. ஓடிப் பிடிக்க எனக்கு இடுப்பு இல்லை. இருந்திருந்தாலும் ஓடியிருப்பேனா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் நாலு தடவை போன் செய்தேன். லவோனாதான் எடுத்தாள். பெரியப்பா தூங்குகிறார் என்றாள், நாலு தடவையும்.

ஹோசியா டில்லரியிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். மைக் இல்லாமல், கூட்டம் இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்து. 1972 பிப்ரவரியிலிருந்து அது பாக்கி.