வலிக்காத பக்கம்

மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் பாக்குவெட்டி இல்லாத கடை ஜபருல்லாவின் கடை ஒன்றுதான். மற்றவர்கள் பாக்கை வெட்டி, உள்நிறம் பார்த்து, மோந்து பார்த்து, அதற்குப் பிறகும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ஜபருல்லா மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பாக்கை எடுப்பார். கடைவாயில் வைத்து ஒரே கடி. சட்டென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. பல் கொஞ்சம் உள்ளே இறங்கிவிட்டு உடைந்தால் ஈரம். விற்கிற விவசாயியும் வாங்குகிற மைசூர்க்காரரும் அவர் கடித்துச் சொன்னபிறகு மறுபேச்சுப் பேசியதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. பல் என்ன இரும்பா, ஓடிக்கொண்டே இருக்க?

தொண்ணூற்றாறில் ஒரு நாள் கடித்துத் துப்பிய பாக்கில் ரத்தம் ஒட்டியிருந்தது. ஈறு வீங்குவதும் பல் ஆடுவதும் அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டன. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சாஜிதா பேகம்தான் விடாப்பிடியாக அவரைக் கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டிய மனைவிக்குத் தெரியாதா வாயின் லட்சணம்?

ஈறு வைத்தியம் மட்டுமே பார்க்கிற டாக்டர் கிருபாசங்கருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாய், பல்லுல சொத்தை ஒண்ணும் இல்லீங்க. அதைப் புடிச்சிருக்கற எலும்புதான் அரிச்சுப்போச்சு. தென்னைமரம் நிக்குது, அடியில மண்ணு இல்லைங்கற மாதிரி. கீழ்க் கடைவாய்ல ரெண்டு பக்கமும் குழி உழுந்திருக்குது."

"புடுங்கோணுங்களா?" என்று கேட்டார் ஜபருல்லா. பல் போனால் மண்டியில் அவருக்கு என்ன வேலை? தராசைத் துடைப்பதா?

"வேண்டாங்க. குழியைச் சுத்தம் பண்ணித் தெச்சு உட்டா எலும்பு மறுபடி வளரும். அதுக்கு ரெண்டு வழி இருக்குது."

பழைய வழியில், நாலைந்து பல் நீளத்துக்கு ஈறை அறுத்து விரித்துவிடுவார்கள். குழி முழுக்கக் கண்ணுக்குத் தெரியும், சுரண்டித் துப்புரவாக எடுத்துவிட்டுத் தைப்பார்கள். புது வழியில், குழி இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு சின்னக் கீறல். டாக்டர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்தச் சந்துக்குள்ளேயே வேலையை முடிப்பார். அதைச் சென்னையில் ஒரு வகுப்பில் போன வருடம்தான் படித்துவிட்டு வந்திருந்தார்.

"எடது பக்கம் குழி பல்லைச் சுத்திப் பரவியிருக்குது. அகலமாத் தொறந்தாத்தான் ஆகும். வலது பக்கம் ஒடுக்கமான குழி, கீறலே போதும்," என்றார் டாக்டர்.

"ஒரே வாயில ரெண்டு சரக்கு. எது தேறுதுன்னு பாத்துருவோமுங்க," என்றார் ஜபருல்லா. வியாபாரி புத்தி எங்கே போகும்?

டாக்டர் சிரித்தார். "எனக்கும் அதாங்க தெரியோணும். இனி வாரவங்களுக்கு எதைச் செய்யறதுன்னு உங்க வாய்தான் எனக்குச் சொல்லோணும்."

முதலில் இடது பக்கம். அவர் பட்ட பாடு எதிரிக்கும் வரக்கூடாது. கன்னம் வீங்கிக் கண்ணை மூடிவிட்டது. தாடையில் நீலம் பாய்ந்தது. காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தவருக்கு சாஜிதா கஞ்சியைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். எச்சிலை விழுங்கினால்கூட உயிர் போய் வந்தது.

அது கொஞ்சம் தணிந்தபிறகு வலது பக்கம். ரெண்டே தையல். அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறி ஊருக்கு வந்து, தயிர்சோற்றைப் பிசைந்து விழுங்கிவிட்டு, "இதுவல்லோ ஆப்பரேசன்," என்று அடுத்த வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டார். வீக்கமும் இல்லை, வலியும் இல்லை.

தையல் பிரித்த அன்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார். "ஆறு மாசம் கெட்டியா எதையும் கடிக்கப்படாது. ரெண்டு பக்கமுந்தான். வலிக்கலைன்னா உள்ள எலும்பு சேந்துபோச்சுன்னு அர்த்தம் இல்லீங்க."

"அல்லா மேல ஆணையாக் கடிக்கமாட்டேன்," என்று டாக்டருக்கும் சாஜிதாவுக்கும் சேர்த்தே வாக்குக் கொடுத்தார் ஜபருல்லா. கொடுக்கும்போது மனசாரத்தான் கொடுத்தார்.

மண்டியில் அக்கா மகன் ரசாக் பாக்குவெட்டியோடு உட்கார்ந்தான். நல்ல பையன், ஆனால் கண்ணால் பார்ப்பதை நம்புகிறவன். அவன் காய்ந்ததென்று சொல்லி மைசூர் நஞ்சுண்டனுக்கு அனுப்பிய சரக்கு போய்ச் சேருவதற்குள் பூசணம் பூத்துவிட்டது. சேதி மண்டி முழுக்கப் பரவியது. "பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க," என்று எதிர்க்கடைக்காரர் வாய் கூசாமல் சிரித்தார். ரெண்டு வண்டிகள் ஜபருல்லாவின் கடையைத் தாண்டி எதிர்க்கடையில் போய் நின்றன.

அடுத்த வாரம் நஞ்சுண்டன் தானே நேரில் வந்துவிட்டார். அதே நேரம் சத்தியமங்கலத்துப் பொங்கியண்ணன் லாரி நிறையப் பாக்கோடு வந்து இறங்கினார். ரசாக் வெட்டிக் காட்டினான். நஞ்சுண்டன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பாய் ஒரு கடி கடிச்சுச் சொல்லட்டுங்க, எடுத்துக்கறேன். இல்லீன்னா எதிர்க்கடை இருக்குது," என்றார்.

"ஏனுங்க பாய், ஒரே ஒரு பாக்குத்தானுங்க," என்றார் பொங்கியண்ணன். அவர் வருஷத்து வெள்ளாமை அந்த லாரியில் இருந்தது.

ஜபருல்லா நாக்கால் இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கூசியது. வலது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை, பாலாடை மாதிரி வழவழவென்று இருந்தது. வலிக்கிறதுதான் புண் என்று நினைக்கிற மனுஷர்கள்தானே நாமெல்லாம்? மூட்டைக்குள் கையை விட்டார். வலது கடைவாயில் வைத்துக் கடித்தார். பாக்கு சட்டென்று உடைந்தது.

"காஞ்ச சரக்கு, எடுத்துக்குங்க," என்றார். பேரம் அந்த நிமிஷத்தில் முடிந்தது. எதிர்க்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ஜபருல்லாவுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்று கூட இருந்திருக்காது.

ஒரு பாக்கோடு நிற்குமா? தினமும் நடந்தது. இடது பக்கத்தை வலிக்குப் பயந்து பொத்திப் பொத்தி வைத்தார். வலது பக்கம் வாய் பேசாத மாடு மாதிரி உழைத்தது. கடித்ததைத் துப்பி, வாய் கொப்பளித்து, ரெண்டு ஏலக்காயை மென்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். சாஜிதா கேட்டால், "நான் எங்க கடிச்சேன், ரசாக்குதான் எல்லாம் பாக்கறான்," என்பார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் இடது பக்கக் குழி தூர்ந்து, எலும்பு வெள்ளையாக ஏறியிருந்தது. வலது பக்கத்தில் குழி வேரின் நுனி வரை இறங்கிவிட்டது. அழுத்தினால் சீழ் வந்தது. பக்கத்துப் பல்லும் சேர்ந்து ஆடியது. ரெண்டையும் எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அவர் முகம் செத்துக் கிடந்தது.

"பாய், கெட்டியா ஏதாச்சும் கடிச்சீங்களா? கடிச்சிருந்தா மறைக்காமச் சொல்லிப்போடுங்க."

சாஜிதா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். மண்டியில் ஒரு சொல் மாற்றிப் பேசாத மனுஷர், பெண்டாட்டி முன்னால், ஆணையிட்டுக் கொடுத்த வாக்கை மீறினேன் என்று எப்படிச் சொல்வார்?

"இல்லீங்க டாக்டர். கஞ்சியும் ரசஞ்சோறுந்தான்."

"அப்ப என் கீறல்தான் பத்தலீங்க. அகலமாத் தொறந்த பக்கம் பல்லு நின்னுபோச்சு, இது நிக்கல," என்றார் கிருபாசங்கர். பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் சாஜிதாவுக்கு ஈறு வீங்கியது. அதே நாற்காலி, அதே ஜன்னல்.

"ஒடுக்கமான குழிதானுங்க அம்மா. முன்னைன்னா சின்னக் கீறல்லயே முடிச்சிருப்பேன். பாய் வாயில அது நிக்கலீங்களே. இப்ப எல்லாத்துக்கும் அகலமாத்தான் தொறக்கறேன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கறதால ஆறறதுக்கு நாளாகும், வலியும் இருக்கும்," என்றார் டாக்டர்.

சாஜிதா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஜபருல்லாவின் நாக்கு பல் இல்லாத பள்ளத்தைத் துழாவியது. சொல்ல நினைத்தார். சத்தியமாக நினைத்தார்.

"டாக்டர் சொல்றபடியே செஞ்சரலாம்," என்றார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

சர்க்கரை உடம்பு தன் வேலையைக் காட்டியது. தையல் விட்டுப்போய் அறுத்த இடம் பிளந்தது. சீழ் தாடைக்கு இறங்கியது. வெளியில் கீறி வடிய வைத்தும் ஊசி மேல் ஊசி போட்டும் உயிருக்குப் பயமில்லை என்று சொல்லவே நாளானது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தாடை கட்டிப்போனதில், வாய் ஒரு கரண்டி நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. இனி இவ்வளவுதான் திறக்கும் என்றார்கள்.

இப்போது கஞ்சி வடிகட்டுவது ஜபருல்லாவின் வேலை. மண்டிக்கு ரசாக் போகிறான். ஒரு மத்தியானம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் பேச ஆரம்பித்தாள். பல்லுக்கிடையில் சொற்கள் குழைந்து வந்தன.

"உங்க சட்டையை நாந்தானுங்களே தொவைக்கறேன். பையில எப்பவும் கடிச்ச பாக்குத் துண்டு இருந்துச்சு."

கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. "தெரிஞ்சுமா அந்த நாக்காலியில படுத்தே? ஒரு வார்த்தை டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நாலு பேரு முன்னால எம்புருசன் பொய்யன்னு நானே சொல்லட்டுங்களா? நீங்களே சொல்லிருவீங்கன்னுதான் உங்களைக் கேட்டேன்."

அவளிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அடுத்த கரண்டிக்காக அவள் வாயைத் திறந்தாள். திறந்த அளவுக்குள் ஜபருல்லா கரண்டியைப் பக்கவாட்டில் திருப்பி நுழைத்தார்.